‘போர்டு போச்சு தம்பி!’ - லேப்டாப்பைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் படிங்க

சார்ஜர் சொருகுறீங்க, லைட் எரியலை. பவர் பட்டனை அமுக்குறீங்க, ஃபேன்கூட சுத்தலை. கடைக்குத் தூக்கிட்டுப் போறீங்க. பத்து நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டுக் கடைக்காரர் சொல்ற வசனம், கன்னியாகுமரியில இருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் ஒண்ணுதான்: “போர்டு போச்சு தம்பி. இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்.”

அந்த வசனத்தைக் கேட்டதும் தலையாட்டிட்டு வந்துடுறோம். ஏன்னா, மதர்போர்டுங்குறது நமக்கு ஒரு மர்மப் பலகை. பேட்டரி போச்சுன்னா புரியும், ஸ்கிரீன் உடைஞ்சா கண்ணுக்குத் தெரியும். போர்டு போச்சுன்னா என்ன போச்சுன்னு கேட்கக்கூடத் தோணாது. ஆனா, இந்த வருஷம் அந்தக் கேள்வியைக் கேட்டே ஆகணும். ஏன்னா, ‘புதுசே வாங்கிடலாம்’ங்குற பதில் முன்னைவிட இப்போ ரொம்பக் காஸ்ட்லி.

காரணம், ஏ.ஐ. உலகத்துக்கே ராம் மெமரி சிப் தயாரிச்சுக் கொடுக்குறதுல பெரும்பங்கு சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், மைக்ரான்னு மூணே கம்பெனிகள் கையில இருக்கு. ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கு வேண்டிய உயர்ரக மெமரியில லாபம் அதிகம்னு மூணு பேரும் அந்தப் பக்கம் திரும்பிட்டாங்க. 2025-ஆம் வருஷக் கடைசியில இருந்து நம்ம லேப்டாப்புல போடுற சாதாரண ராம் விலை மளமளன்னு ஏற ஆரம்பிச்சது. மைக்ரான் ஒருபடி மேல போய், நம்ம ஊர்க் கடைகள்லகூட கிடைச்சுக்கிட்டு இருந்த ‘க்ரூஷியல்’ பிராண்டையே இழுத்து மூடப்போறதா 2025 டிசம்பர்ல அறிவிச்சது. ராம் ஏறினா லேப்டாப் விலையும் ஏறும். எங்கேயோ அமெரிக்காவுல ஒரு டேட்டா சென்டர் கட்டுறான், பில்லு கீழ்பென்னாத்தூர்ல இருக்குற பையனுக்கு வருது!

கீழ்பென்னாத்தூர்ல இருந்து பார்த்தா...

சும்மா ஒரு பேருக்காக அந்த ஊரைச் சொல்லலை. திருவண்ணாமலையில இருந்து செஞ்சி போற ரோட்டுல இருக்குற தாலுகா தலைநகரம் கீழ்பென்னாத்தூர். சுத்தி இருக்குற கிராமங்கள்ல மல்லாட்டையும் நெல்லும்தான் பொழப்பு. அங்கிருந்து திருவண்ணாமலைக்கோ செஞ்சிக்கோ காலேஜுக்கு பஸ் ஏறுற ஒரு பிள்ளைக்கு லேப்டாப்ங்குறது வீட்டுல இருக்குற நாலாவது ஸ்கிரீன் கிடையாது. வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரே அதுவாத்தான் இருக்கும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், டி.என்.பி.எஸ்.சி நோட்ஸ், அக்கா கல்யாண போட்டோ எல்லாம் அதுக்குள்ளதான். மல்லாட்டை வித்த காசுல வாங்கினதா இருக்கலாம், இல்லைன்னா அரசாங்கம் கொடுத்ததா இருக்கலாம்.

அரசு லேப்டாப் கதை உங்களுக்குத் தெரிஞ்சதுதான். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னைக்குத் தொடங்கின திட்டத்துல 50 லட்சத்துக்கும் மேல லேப்டாப்கள் நம்ம பிள்ளைங்க கைக்குப் போச்சு. கொரோனா காலத்துக்கு அப்புறம் நின்னுபோன அந்த விநியோகம், 2025 மார்ச் பட்ஜெட்ல வேற வடிவத்துல திரும்பி வந்தது. ரெண்டு வருஷத்துல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குன்னு அறிவிச்சு, 2026 ஜனவரியில கொடுக்கவும் தொடங்கினாங்க. இத்தனை லட்சம் லேப்டாப் கிராமங்களுக்குப் போகுதுன்னா, வாரன்ட்டி முடிஞ்ச மறுநாள்ல இருந்து இத்தனை லட்சம் மதர்போர்டுகளும் ரிப்பேருக்கு வரிசையில நிக்கப்போகுதுன்னு அர்த்தம். கொடுக்குற விழா டி.வி-யில வருது. ரிப்பேர் எங்கேங்குறதை யாரும் பேசலை.

நகரத்துல போர்டு சாகுற விதம் வேற, இந்த மாதிரி ஊர்கள்ல சாகுற விதம் வேற. இங்கே முதல் வில்லன் கரன்ட். மோட்டார் போட்டா வோல்டேஜ் இறங்கும், மோட்டார் நின்னா ஏறும். கோடை மழையில இடி இடிக்கும்போது சார்ஜர் சொருகியே இருக்கும். ரெண்டாவது வில்லனை நிறைய பேர் கவனிக்கிறதே இல்லை: எர்த். சார்ஜ் போட்டுக்கிட்டே லேப்டாப்போட மெட்டல் பாகத்தைத் தொடுறப்போ விரல் நுனியில ஜிவ்வுன்னு ஒரு கூச்சம் வருதா? உங்க வீட்டு பிளக் பாயின்ட்ல எர்த் சரியா இல்லைன்னு அது சொல்லுது. மூணு பின் பிளக்கோட பெரிய பின்னை உடைச்சிட்டோ, ரெண்டு பின் அடாப்டர் மாட்டியோ ஓட்டுறவங்களுக்கு இது சகஜம். அந்தக் கசிவு கரன்ட் ஆளைக் கொல்லாது. ஆனா, அதே நேரத்துல பிரின்டரோ டி.வி-யோ கேபிள் போட்டு இணைச்சீங்கன்னா போர்டுல இருக்குற யு.எஸ்.பி., எச்.டி.எம்.ஐ. பகுதியைப் பதம் பார்க்கக்கூடியது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடுற செலவு, ஒரு போர்டு ரிப்பேரைவிட எவ்வளவோ கம்மி.

மூணாவது, பஸ் ஸ்டாண்டு பக்கம் கிடைக்குற ‘எல்லா மாடலுக்கும் சேரும்’ சார்ஜர். 19 வோல்ட்னு மேல எழுதியிருக்கும், உள்ள இருக்குறது என்னன்னு அதைச் செஞ்சவனுக்கே தெரியாது. நாலாவது எறும்பு. சிரிக்காதீங்க. சூடா, இருட்டா, பக்கத்துல பிஸ்கட் தூளோட இருக்குற இடம் எறும்புக்கு சொர்க்கம். சர்வீஸ் கடையில கேட்டுப் பாருங்க, எறும்பு, பல்லின்னு கதை கதையாச் சொல்வாங்க.

‘போர்டு போச்சு’ன்னா என்ன போச்சு?

மதர்போர்டுங்குறது ஒரு பொருள் இல்லை. ஒரு ஊர் மாதிரி. சார்ஜர்ல இருந்து வர்ற 19 வோல்ட் உள்ள நுழையுற வாசல் ஒண்ணு இருக்கும். அதைக் காவல் காக்குற மாஸ்ஃபெட்னு சின்னச் சின்ன சுவிட்சுகள், பேட்டரிக்குப் பங்கு பிரிச்சுக் கொடுக்குற சார்ஜிங் ஐ.சி. இருக்கும். அந்த 19 வோல்ட்டை 5 வோல்ட், 3.3 வோல்ட்னு இறக்கிக் கொடுக்குற சர்க்யூட்டுகள், நீங்க பவர் பட்டனை அமுக்கினதைக் கேட்டு எல்லாரையும் எழுப்புற ஒரு கன்ட்ரோலர், பயாஸ் வைக்கிற எட்டுக் கால் சிப். அதுக்கெல்லாம் அப்புறம்தான் பிராசஸர். இத்தனை பேர்ல ஒருத்தர் படுத்தாலும் வெளியில தெரியுற அறிகுறி ஒண்ணுதான்: ‘டெட்’.

சார்ஜர் வாசல்ல ஒரு மாஸ்ஃபெட் எரிஞ்சிருந்தா அதுவும் ‘போர்டு போச்சு’தான். பிராசஸரே செத்திருந்தா அதுவும் ‘போர்டு போச்சு’தான். முன்னது சில பத்து ரூபா பெறுற பார்ட், அதோட மெக்கானிக்கோட திறமைக்கான கூலி. பின்னதுல பெரும்பாலும் போர்டையே மாத்த வேண்டியதுதான். ரெண்டையும் ஒரே வசனத்துல சொல்லி முடிச்சா, கேட்குற நமக்குத்தான் நஷ்டம்.

ஒரு உதாரணம் சொல்றேன். போர்டு முழுக்க மிளகைவிடச் சின்னதா கெப்பாசிட்டர்கள் நூத்துக்கணக்குல இருக்கும். அதுல ஒண்ணே ஒண்ணு உள்ளுக்குள்ள ஷார்ட் ஆனா போதும், அந்த லைன்ல வர்ற கரன்ட் முழுக்க அது வழியாத் தரைக்குப் போயிடும். பாதுகாப்பு சர்க்யூட் உடனே எல்லாத்தையும் நிறுத்திடும். விவரமான மெக்கானிக் என்ன பண்ணுவார் தெரியுமா? அந்த லைனுக்கு வெளியில இருந்து ரொம்பக் குறைஞ்ச வோல்டேஜ் கொடுத்து, போர்டு மேல ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தடவுவார். ஷார்ட் ஆன பார்ட் மட்டும் சூடாகும். அந்த இடத்துல ஆல்கஹால் முதல்ல காய்ஞ்சுபோகும். திருடன் மாட்டினான்! தெர்மல் கேமரா வெச்சிருக்கிறவங்க இன்னும் சுலபமாக் கண்டுபிடிச்சிடுவாங்க. அந்த ஒத்தை மிளகை எடுத்துட்டா லேப்டாப் எழுந்து உட்கார்ந்துடும்.

இன்னொண்ணு, பயாஸ். அப்டேட் ஓடிக்கிட்டு இருக்கும்போது கரன்ட் போயி, பேட்டரியும் வீக்கா இருந்தா, அந்த எட்டுக் கால் சிப்ல இருக்குற எழுத்து பாதியில நின்னுடும். லேப்டாப் டெட். ஆனா, எதுவுமே எரியலை. சிப்பைக் கழட்டி, இல்லைன்னா கிளிப் போட்டு, புரோகிராமர்ல மறுபடி எழுதினா சரி. இதுல ஒண்ணு மட்டும் மெக்கானிக்கிட்ட மறக்காமச் சொல்லுங்க: எழுதுறதுக்கு முன்னாடி பழைய ஃபைலை பேக்கப் எடுக்கச் சொல்லுங்க. உங்க லேப்டாப்போட சீரியல் நம்பரும், கூடவே வந்த விண்டோஸ் கீயும் அதுலதான் இருக்கு.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி நீங்களே செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கு. வேற ஒரு ஒரிஜினல் சார்ஜர் போட்டுப் பாருங்க. சார்ஜரைக் கழட்டிட்டு, பவர் பட்டனை அரை நிமிஷம் விடாம அமுக்கிப் பிடிச்சு விட்டுட்டு, மறுபடி ஆன் பண்ணிப் பாருங்க. லைட் எரிஞ்சு, ஃபேன் சுத்தி, ஸ்கிரீன் மட்டும் கறுப்பா இருந்தா, டி.வி-யில எச்.டி.எம்.ஐ. கேபிள் போட்டுப் பாருங்க. அங்கே படம் வந்தா போர்டு நல்லாத்தான் இருக்கு, பிரச்னை டிஸ்ப்ளேவுல. ராமைக் கழட்டித் துடைச்சு மாட்டினாலே எழுந்திருச்ச லேப்டாப்கள் எத்தனையோ. வாரன்ட்டி இருந்தா மட்டும் ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதீங்க.

தண்ணியோ டீயோ கொட்டிடுச்சா? உடனே பவரை நிறுத்துங்க, சார்ஜரைப் பிடுங்குங்க, ஆன் பண்ணிப் பார்க்குற ஆசையை அடக்குங்க. ஈரத்தோட கரன்ட் சேர்றப்போதான் செம்புத் தடங்களை அரிச்சுத் தின்னும். அரிசி மூட்டைக்குள்ள புதைக்குற வைத்தியத்தால போர்டுல ஒட்டியிருக்குற சர்க்கரையும் உப்பும் போகாது, அரிசி மாவு வேணும்னா உள்ள போகும். அன்னைக்கோ மறுநாளோ கழட்டி ஆல்கஹால்ல கழுவினா பிழைக்க வாய்ப்பு அதிகம். ‘காய்ஞ்சு நல்லாத்தானே ஓடுது’ன்னு விட்ட லேப்டாப்கள்தான் ரெண்டு மாசம் கழிச்சு டெட் ஆகி வரும்.

சிப் லெவல் யாருக்குத் தெரியும்?

இப்போ விஷயத்துக்கு வருவோம். தாலுகா ஊர்க் கடையில விண்டோஸ் போடுவாங்க, கீபோர்டு மாத்துவாங்க, எஸ்.எஸ்.டி. போடுவாங்க. நல்லாவும் செய்வாங்க. ‘சிப் லெவல்’ங்குறது வேற வித்தை. அதுக்கு மைக்ராஸ்கோப் வேணும், ஹாட் ஏர் ஸ்டேஷன் வேணும், பெரிய சிப்புகளைத் தூக்கி உட்காரவைக்க பி.ஜி.ஏ. மெஷின் வேணும். அதனால கடைக்காரர் உங்க போர்டை மட்டும் கழட்டி திருவண்ணாமலைக்கோ விழுப்புரத்துக்கோ, கடைசியில சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கோ அனுப்புவார். அங்கே ஒருத்தர் பார்த்து ரேட் சொல்வார், நடுவுல இருக்குறவர் தன் பங்கைச் சேர்த்துச் சொல்வார். இதுல தப்பு ஒண்ணும் இல்லை, அவருக்கும் அலைச்சல் இருக்கு. ஆனா, ‘யாரு பார்க்கப்போறாங்க, எங்கே போகுது?’ன்னு கேட்குற உரிமை உங்களுக்கு இருக்கு. ரேட் ரொம்ப அதிகமாத் தோணினா நீங்களே ஒருநாள் பஸ் ஏறிடலாம்.

‘ஹீட் பண்ணிக் கொடுக்குறேன்’னு சொல்ற இடத்துல மட்டும் உஷாரா இருங்க. போர்டுல இருக்குற பெரிய சிப்பை ஹாட் ஏர்ல சூடுபடுத்தினா சில சமயம் உயிர் வரும். ரெண்டு வாரமோ ரெண்டு மாசமோ ஓடும். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான்.

இதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. 2006 ஜூலையில ஐரோப்பா, மின்னணுப் பொருள்கள்ல ஈயத்துக்குத் தடை போட்டது. உலகம் முழுக்க ஈயம் இல்லாத சால்டருக்கு மாறினாங்க. பழைய சால்டர் 183 டிகிரி செல்சியஸ்ல உருகும், புதுசுக்கு 217 டிகிரி வரைக்கும் போகணும். ரிப்பேர் பண்றவனுக்கு வேலை கஷ்டமாச்சு. அந்தக் காலகட்டத்துலதான் என்விடியாவோட சில லேப்டாப் கிராஃபிக்ஸ் சிப்புகள் கொத்துக்கொத்தாச் செத்துச்சு. 2008-ல அந்தக் கம்பெனியே 15 கோடியில இருந்து 20 கோடி டாலர் வரைக்கும் இதுக்காக ஒதுக்குறோம்னு ஒப்புக்கிச்சு. பிரச்னை சிப்புக்கு உள்ள இருந்த நுண்ணிய இணைப்புகள்ல. ஆனா, ஊர் ஊரா சிப்பைச் சூடு காட்டிக் காசு வாங்கினது நடந்துச்சு. சூட்டுல அந்த இணைப்பு கொஞ்ச நாள் ஒட்டிக்கிட்டதால அது ரிப்பேர் மாதிரித் தெரிஞ்சது. அந்தப் பழக்கம் இன்னும் போகலை. சிப் மோசம்னா புது சிப் போடணும். சூடு காட்டுறது வைத்தியம் இல்லை.

போர்டையே மாத்தினா?

ரெண்டு வழி. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல புது போர்டு. பிராசஸரும், பல மாடல்கள்ல ராமும் போர்டுலயே சால்டர் பண்ணி வர்றதால, அதோட விலை லேப்டாப் விலையில பெரும்பகுதிக்கு வந்துடும். வாரன்ட்டியில இருந்தா யோசிக்கவே வேண்டாம், அதைத்தான் கேட்கணும். வாரன்ட்டி முடிஞ்சிருந்தா, ஸ்கிரீன் உடைஞ்ச வேற லேப்டாப்ல இருந்து கழட்டின பழைய போர்டு ரெண்டாவது வழி. ரிச்சி ஸ்ட்ரீட்லயும் டெல்லி நேரு பிளேஸ்லயும் இதுக்குன்னே கடைகள் உண்டு. விலை பாதிக்குப் பாதிகூட இருக்கும். ஆனா, அது எத்தனை வருஷம் ஓடினது, ஏற்கெனவே யார் கைவெச்சதுன்னு தெரியாது. மூணு மாச கேரன்ட்டியாவது எழுத்துல இல்லாம வாங்காதீங்க. மாடல் பேர் ஒண்ணா இருந்தா போதாது, போர்டு மேல அச்சடிச்சிருக்குற நம்பரும் ஒத்துப்போகணும்.

போர்டு மாத்துறதுல இன்னொரு குழி இருக்கு. யாரும் முன்கூட்டியே சொல்றதில்லை. இப்போ வர்ற விண்டோஸ் 11 லேப்டாப்கள்ல, மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு உள்ள நுழைஞ்சா, உங்க டிஸ்க் தானாவே என்கிரிப்ட் ஆகிடுது. அதுக்கான சாவி போர்டுல இருக்குற பாதுகாப்புப் பகுதியோட கட்டிப்போடப்பட்டிருக்கும். போர்டு மாறினதும் நீல ஸ்கிரீன் வந்து 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது இல்லைன்னா எஸ்.எஸ்.டி. நல்லா இருந்தாலும் உள்ள இருக்குற ப்ராஜெக்டும் போட்டோவும் கிடைக்காது. எந்தக் கொம்பனாலும் திறக்க முடியாது. அந்தக் கீ பெரும்பாலும் உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்லயே சேமிச்சிருக்கும். லேப்டாப் நல்லா இருக்கும்போதே, இன்னைக்கே, போன்ல லாகின் பண்ணிப் பார்த்து ஒரு நோட்டுல எழுதி வைங்க. எந்த மெயில் ஐ.டி-யில அக்கவுன்ட் தொடங்கினோம்னே மறந்தவங்க நிறைய பேர். கடைக்கார அண்ணன் அவரோட மெயில் போட்டு செட் பண்ணிக் கொடுத்திருந்தா? அதை உடனே மாத்துங்க.

கணக்கு போடுற முறை

ரிப்பேரா, புதுசான்னு முடிவெடுக்க நிறைய பேர் சொல்ற கணக்கு, ‘புது லேப்டாப் விலையில பாதிக்கு மேல செலவு வந்தா விட்டுடு’ங்குறது. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. புது லேப்டாப் விலையோட உங்க பழைய லேப்டாப்பை ஒப்பிடுறதே தப்பு. அதே மாடல், நல்லா ஓடுற நிலையில, செகண்ட் ஹேண்ட்ல என்ன விலைக்குக் கிடைக்குதுன்னு பாருங்க. ரிப்பேர் செலவு அதுல பாதிக்குள்ள இருந்தா தாராளமாச் செய்யலாம். அதைத் தாண்டினா, அதே காசுக்கு ஓடுற லேப்டாப்பே கிடைக்கும்போது எதுக்கு ரிஸ்க்? ராம் விலை ஏறினதுல செகண்ட் ஹேண்ட் விலையும் சேர்ந்து ஏறுது, அதனால ரிப்பேர் பக்கம்தான் தராசு இப்போ சாயுது.

இதுல ஒரு விதிவிலக்கு, பழைய அரசு லேப்டாப்கள். மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை நிறுத்திடுச்சு. விண்டோஸ் 11 முறைப்படி ஓடணும்னா இன்டெல்ல எட்டாம் தலைமுறை பிராசஸரும் டி.பி.எம். 2.0-வும் வேணும். 2011-ல இருந்து வந்த பழைய லேப்டாப்கள்ல பெரும்பாலானதுக்கு அந்த வசதி கிடையாது. அப்படிப்பட்ட ஒண்ணுல போர்டு முழுசாப் போயிருந்தா விட்டுடலாம். பவர் லைன்ல சின்ன ஷார்ட்தான்னா சில நூறு ரூபாய்ல முடியும். சரி பண்ணி லினக்ஸ் போட்டுத் தம்பி, தங்கச்சிக்குக் கொடுங்க. அந்த லேப்டாப்கள் வந்தப்பவே விண்டோஸோட கூடவே ‘பாஸ்’ங்குற இந்திய லினக்ஸும் வந்தது ஞாபகம் இருக்கா? யாரும் திறந்தே பார்க்கலை!

படம் எங்கே சார்?

இவ்வளவு நேரம் மெக்கானிக்கோட திறமையைப் பத்திப் பேசினோம். ஆனா, அவர் கையைக் கட்டிப்போட்டிருக்குறது வேற விஷயம். ஒரு போர்டை ரிப்பேர் பண்ண அதோட சர்க்யூட் படம் வேணும். எந்த லைன் எங்கே போகுது, எங்கே எத்தனை வோல்ட் இருக்கணும்னு சொல்ற வரைபடம். பெரும்பாலான லேப்டாப் கம்பெனிகள் இதை வெளியில கொடுக்குறதில்லை. நம்ம ஊர் மெக்கானிக்குகள் எங்கேயோ கசிஞ்ச படங்களை வாட்ஸ்அப், டெலிகிராம் குரூப்ல வாங்கித்தான் வேலை பார்க்குறாங்க. ஒரு டாக்டர் திருட்டுத்தனமா உடற்கூறியல் புத்தகம் படிக்க வேண்டியிருந்தா எப்படி இருக்கும்? அப்படி.

கார் விஷயத்துல இதே சண்டை ஒருதடவை நடந்துச்சு. வெளி மெக்கானிக்குகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸும் தொழில்நுட்பத் தகவலும் கிடைக்கவிடாமப் பண்றாங்கன்னு 14 கார் கம்பெனிகளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட்ல 2,500 கோடி ரூபாய்க்கும் மேல அபராதம் போட்டது. வழக்கு மேல்முறையீடுன்னு போனாலும், ‘வாங்கினவனுக்கு யார்கிட்ட ரிப்பேர் பண்ணிக்கணும்னு தேர்ந்தெடுக்குற உரிமை உண்டு’ங்குற பேச்சு இந்தியாவுல அங்கே சூடு பிடிச்சது. 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் துறை ‘ரிப்பேர் செய்யும் உரிமை’க்காக ஒரு குழு போட்டது. அதே வருஷம் டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்னைக்கு ஒரு போர்ட்டலும் திறந்தாங்க. விவசாயக் கருவிகள், போன் உள்ளிட்ட மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள்னு நாலு துறை. கம்பெனிகளோட வாரன்ட்டி விவரம், சர்வீஸ் சென்டர் விவரம் எல்லாம் ஒரே இடத்துல. நல்ல விஷயம்தான். ஆனா, போர்ட்டல்ங்குறது சட்டம் இல்லை. சர்க்யூட் படத்தைக் கொடுன்னு அது யாரையும் கட்டாயப்படுத்தாது.

அடுத்து, ஒரு பொருளை எவ்வளவு சுலபமா ரிப்பேர் பண்ணலாம்னு மார்க் போடுற ‘ரிப்பேரபிலிட்டி இண்டெக்ஸ்’. 2025 மே மாசம் அதுக்கான குழு அறிக்கை கொடுத்தது. ஃப்ரிட்ஜுல ஸ்டார் பார்த்து வாங்குற மாதிரி, மார்க் பார்த்து வாங்கலாம். முதல் கட்டத்துக்கு அந்தக் குழு எடுத்துக்கிட்டது போனும் டேப்லெட்டும்தான். லேப்டாப் அந்த வரிசையில இல்லை. பிரான்ஸ்ல 2021 ஜனவரியில இதே மாதிரி 10-க்கு இத்தனைன்னு மார்க் போட ஆரம்பிச்சப்போ, முதல் பட்டியல்லயே லேப்டாப் இருந்துச்சு. கலிஃபோர்னியாவுல 2024 ஜூலையில இருந்து அமலுக்கு வந்த சட்டப்படி, 100 டாலருக்கு மேல விலை வெச்ச மின்னணுப் பொருளுக்கு ஏழு வருஷம் வரைக்கும் பார்ட்ஸ், கருவி, ஆவணங்கள் கொடுக்கணும். லட்சக்கணக்குல லேப்டாப் வாங்கிக் கொடுக்குற ஒரு மாநில அரசு, டெண்டர்லயே ‘சர்க்யூட் படமும் ஸ்பேர் பார்ட்ஸும் இத்தனை வருஷம் தரணும்’னு ஒரு வரி சேர்த்தா எந்தக் கம்பெனி மாட்டேன்னு சொல்லும்? இவ்வளவு பெரிய ஆர்டரை விட யாருக்கு மனசு வரும்? சட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாத வழி இது. ஒவ்வொரு தாலுகாவுலயும் ஐ.டி.ஐ. படிச்ச நாலு பேருக்கு வேலையும் ஆகும்.

ஏமாந்துட்டா?

வாரன்ட்டியில இருக்குற லேப்டாப்புக்கு ‘தண்ணி பட்டிருக்கு, உங்க தப்பு’ன்னு சொல்லி கம்பெனி கைவிரிச்சா, அந்த இடத்தைப் போட்டோ எடுத்து எழுத்துல கேளுங்க. வாய்ப்பேச்சு செல்லாது. ஒத்துக்க முடியலைன்னா 1915-க்கு போன் போடுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயும் பேசலாம். அதுலயும் நடக்கலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க கொடுத்த விலை 5 லட்சத்துக்குள்ள இருந்தா புகார் கொடுக்கக் கட்டணமே கிடையாது, ஆன்லைன்லயே பதியலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. ஆனா, பில் வேணும். ‘பில் இல்லாம எடுத்தா ஆயிரம் ரூபா கம்மி தம்பி’ன்னு சொன்னப்போ சந்தோஷமா மிச்சம் பிடிச்ச ஆயிரம் ரூபா இப்போதான் கடிக்கும்.

ரிப்பேர் கடையிலயும் அதே. கொடுக்கும்போது ராம் எவ்வளவு, எஸ்.எஸ்.டி. எவ்வளவு, சீரியல் நம்பர் என்னன்னு எழுதின ஜாப் ஷீட் வாங்குங்க. முடிஞ்சா பின்மூடியைத் திறந்து ராம் மேல இருக்குற ஸ்டிக்கரை அவர் முன்னாடியே போட்டோ எடுத்துடுங்க. 16 ஜி.பி. கொடுத்து 8 ஜி.பி. வாங்கிட்டு வந்த கதைகள் இருக்கு, இப்போ இருக்குற ராம் விலைக்கு அந்தச் சபலம் கூடத்தான் செய்யும். ‘பார்த்துட்டு போன் பண்றேன்’னு சொன்னா, பார்க்குறதுக்கு எவ்வளவு, சரி ஆகலைன்னா எவ்வளவுன்னு அப்பவே பேசிடுங்க.

எல்லாம் பார்த்தும் போர்டு நிஜமாவே செத்துடுச்சுன்னு வைங்க. அப்படியே காயலான் கடைக்காரர்கிட்ட கிலோ கணக்குல போட்டுடாதீங்க. ராம் தனியாக் கழட்டுற மாதிரி இருந்தா அதை எடுத்துக்கங்க, அதுக்கு இப்போ நல்ல விலை. எஸ்.எஸ்.டி-யை எடுத்து ஒரு யு.எஸ்.பி. கேஸ்ல போட்டா அதுவே பென் டிரைவ். கேஸ் விலை சில நூறுதான். ஸ்கிரீன், கீபோர்டு, ஹிஞ்ச் எல்லாம் அதே மாடல் வெச்சிருக்குற இன்னொருத்தருக்குத் தேவைப்படும், சர்வீஸ் கடையிலயே எடுத்துக்குவாங்க. பேட்டரி உப்பியிருந்தா அதைக் குத்தாதீங்க, மடக்காதீங்க, குப்பையில போடாதீங்க. மிச்சம் இருக்குற போர்டுல தங்கமும் இருக்கு, பழசா இருந்தா ஈயமும் இருக்கு. தங்கத்துக்காக ஆசிட்ல போட்டு எரிக்குற இடத்துக்கு அது போகக் கூடாதுன்னா, 2023 ஏப்ரல்ல அமலுக்கு வந்த மின்கழிவு விதிகள்படி பழைய பொருளை மறுசுழற்சிக்கு அனுப்புற பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. கம்பெனி வெப்சைட்டுல ‘ரீசைக்கிள்’ பக்கம் இருக்கும், பின்கோடு போட்டு எங்கே கொடுக்கலாம்னு பாருங்க. உங்க பின்கோடுக்குப் பக்கத்துல எதுவும் காட்டலைன்னா, அடுத்தமுறை திருவண்ணாமலைக்கோ சென்னைக்கோ போறப்போ பையில ஒரு ஓரமாப் போட்டு எடுத்துட்டுப் போங்க. போர்டு எடை அரைக் கிலோகூட வராது.